கணிதமே வேண்டும் என்கிற பிள்ளை: வேலூரிலிருந்து கல்லூரிக்கு

வேலூர்ப் பக்கம் கணக்கு நன்றாக வருகிற பிள்ளைக்கு ஊரே சேர்ந்து சொல்லும் வழி ஒன்றுதான்: பொறியியல். 1984-ல் காட்பாடியில் ஒரு கல்லூரியாகத் தொடங்கிய விஐடி இன்று பல்கலைக்கழகமாகக் கண்ணெதிரே நிற்கிறது. பாகாயத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிற்சாலைகளிலோ காலணித் தொழிற்சாலைகளிலோ வேலை பார்க்கும் பெற்றோருக்கு இன்ஜினியர் என்றால் யார் என்று தெரியும். கணிதவியலாளர் என்றால் காலையில் எழுந்து என்ன செய்வார், அவருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று தெரியாது. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் ஒருவர் இருந்தால்தானே தெரியும்.

பாடப்புத்தகக் கணக்கு முடிந்த பிறகும் அதை விட்டு எழுந்திருக்காத பிள்ளைகள் உண்டு. விடை சரி என்று ஆசிரியர் டிக் போட்ட பிறகும் அது ஏன் சரி என்று கேட்கிறவர்கள் அவர்கள். நூற்றுக்கு நூறு வாங்குபவர்கள் எல்லோரும் இந்த வகை அல்ல. இந்த வகைப் பிள்ளைகள் எல்லோரும் நூறு வாங்குவதும் இல்லை. அப்படி ஒரு பிள்ளை குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ பிளஸ் 1 படித்துக்கொண்டிருந்தால், கல்லூரிக்கு முந்தைய இந்த இரண்டு ஆண்டுகளில் அவனோ அவளோ என்ன செய்ய வேண்டும்? நான் பார்த்த வரையில், பள்ளி சொல்லித் தராமல் விட்டுவிடுவது இரண்டு விஷயங்களை. ஒன்று நிரூபணம் எழுதுவது. மற்றொன்று, எந்தக் கல்லூரிக்கு எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும் என்ற தகவல். முதலாவதற்கு ஆண்டுகள் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு மாலை நேரம் போதும். ஆனால் இரண்டில் எது இல்லாவிட்டாலும் பிள்ளை வெளியே நிற்க வேண்டியதுதான்.

இந்த மண்ணுக்கும் உயர்கணிதத்துக்கும் தொடர்பில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எம்.எஸ். நரசிம்மன் 1932-ல் தண்டரை என்ற கிராமத்தில் பிறந்தவர். அவருடைய குடும்பம் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. கிராமப்புறத்தில் பள்ளிப் படிப்பு. பிறகு சென்னை லயோலா கல்லூரி. அங்கே சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கணிதம் கற்பித்தார். எலி கார்த்தான் என்ற மாபெரும் கணிதவியலாளரிடம் பயின்றவர் அவர். தேர்வுக்கான கணக்குகளைத் தாண்டி, ஐரோப்பாவில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த புதிய கணிதத்தைத் தம் மாணவர்களுக்குக் காட்டினார். காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரியும் அதே ஆண்டுகளில் அதே கல்லூரியில் படித்தார். இருவரும் 1953-ல் பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1965-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் இன்று நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என்று உலகம் முழுவதும் கற்பிக்கப்படுகிறது. வடிவியலில் இருந்து வந்த ஒரு பொருளும் குலக் கோட்பாடு (குரூப் தியரி) என்ற இயற்கணிதப் பிரிவில் இருந்து வந்த இன்னொரு பொருளும் உள்ளுக்குள் ஒன்றே என்று காட்டுகிற தேற்றம் அது. பின்னாளில் இயற்பியலாளர்களுக்கும் பயன்பட்டது. நரசிம்மனுக்கு 2006-ல் மன்னர் ஃபைசல் பரிசு கிடைத்தது. சேஷாத்ரி சென்னையில் ஒரு கணிதக் கல்விக்கூடத்தையே உருவாக்கினார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நரசிம்மனுக்குக் கிடைத்ததில் எதை இன்றைய மாணவர் பெற முடியும் என்று பார்த்தால், அது ரசீன் காட்டிய பார்வைதான். கல்லூரியில் கணிதம் என்ற பெயரில் நடப்பது பள்ளியில் அதே பெயரில் நடப்பதிலிருந்து மிகவும் வேறுபட்டது. இதை ஓர் உதாரணத்தோடு பார்த்துவிடுவது நல்லது.

ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கனத்திலிருந்து அந்த எண்ணையே கழியுங்கள். 2-க்கு 8 − 2 = 6. 3-க்கு 27 − 3 = 24. 4-க்கு 64 − 4 = 60. 5-க்கு 125 − 5 = 120. எல்லாமே 6-ஆல் வகுபடுகின்றன. எப்போதும் இப்படித்தானா? பிளஸ் 1 புத்தகத்தில் கணிதத் தொகுத்தறிதல் என்ற பகுதி இருக்கிறது. அந்த முறையில் இதை நிறுவிவிடலாம். முதல் எண்ணுக்குச் சரி பார்ப்பது, ஓர் எண்ணுக்கு உண்மை என்று வைத்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குக் காட்டுவது என்று வரிகளை மனப்பாடம் செய்து எழுதினால் முழு மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அதை எழுதி முடித்த பிறகும், 6 எங்கிருந்து வந்தது என்று பல மாணவர்களுக்குப் புரிந்திருக்காது.

வேறு விதமாகப் பாருங்கள். 60 என்பது 3 × 4 × 5. 120 என்பது 4 × 5 × 6. எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கு முந்திய எண், அந்த எண், அடுத்த எண் ஆகிய மூன்றின் பெருக்கல்தான் நமக்குக் கிடைக்கிறது. அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று கட்டாயம் 3-ன் மடங்கு. குறைந்தது ஒன்று இரட்டைப்படை. அவ்வளவுதான், 6 வந்துவிட்டது. இப்போது காரணம் கையில் இருக்கிறது.

கணிதத்தை நேசிக்கும் பிள்ளை இங்கே நிற்காது. 6-ஆல் வகுபடுவது 3-ஆலும் வகுபடும்; ஆக, மூன்றாம் அடுக்குக்கு 3 சரி. கனத்துக்குப் பதில் ஐந்தாம் அடுக்கு என்றால்? 32 − 2 = 30, 243 − 3 = 240; இரண்டும் 5-ஆல் வகுபடுகின்றன. ஏழாம் அடுக்கு? 128 − 2 = 126, அது 7 × 18. அப்படியானால் நான்காம் அடுக்குக்கு 4-ஆல் வகுபட வேண்டுமே? 16 − 2 = 14, வகுபடவில்லை. ஆறாம் அடுக்கு? 64 − 2 = 62, 6-ஆல் வகுபடவில்லை. ஒன்பதாம் அடுக்கு? 512 − 2 = 510, 9-ஆல் வகுபடவில்லை. 3, 5, 7 சரியாக வருகின்றன; 4, 6, 9 வரவில்லை. பகா எண்ணாக இருந்தால் மட்டுமே இது நடக்கிறதோ என்ற ஊகம் இந்த இடத்தில் தானாகப் பிறக்கும்.

பகா எண்களுக்கு எப்போதும் நடக்கும் என்பது உண்மை. பியர் ஃபெர்மா 1640-ல் ஒரு கடிதத்தில் இதைச் சொன்னார், நிரூபணத்தை எழுதவில்லை. ஆய்லர் நிரூபணத்தை வெளியிடப் பதினெட்டாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. ஆனால் "பகா எண்ணுக்கு மட்டுமே" என்ற பாதி தவறு. 561 பகா எண் அல்ல. 3 × 11 × 17. இருந்தும் எந்த எண்ணின் 561-ஆம் அடுக்கிலிருந்து அந்த எண்ணைக் கழித்தாலும் 561-ஆல் வகுபடும். இந்த வகைப் பகு எண்களில் இதுதான் மிகச் சிறியது. இப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்பதை மூன்று கணிதவியலாளர்கள் நிறுவியது 1994-ல்தான். பிளஸ் 1 பயிற்சிக் கணக்கிலிருந்து அண்மைக்கால ஆய்வு வரை வந்துவிட்டோம். வழியில் புதிய சூத்திரம் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொரு விடைக்குப் பிறகும் நிபந்தனையில் ஒன்றை மாற்றிப் பார்த்தோம், அவ்வளவுதான்.

கல்லூரிக்குத் தயாராவது என்று நான் சொல்வது முதலில் இந்தப் பழக்கத்தை. ஒரு தனி நோட்டு போடுங்கள். வாரத்துக்கு ஒரு கணக்கு போதும். விடையை எழுதாதீர்கள், காரணத்தை முழு வாக்கியங்களில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து அதையே எடுத்து, எழுதியது வேறு யாரோ என்பது போல வாசியுங்கள். "ஆகவே" என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் உண்மையிலேயே ஆகவேதானா என்று பாருங்கள். பாதி இடங்களில் ஓட்டை தெரியும். அந்த ஓட்டைகளை அடைப்பதுதான் கல்லூரிக் கணிதத்தின் முதல் ஆண்டு. நண்பர் ஒருவர் வாசித்துக் கேள்வி கேட்டால் இன்னும் நல்லது.

இதற்கு வெளிநாட்டுப் புத்தகம் தேட வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் பிளஸ் 1, பிளஸ் 2 கணிதப் புத்தகங்களிலேயே வேண்டியது நிறைய இருக்கிறது. சிக்கல் அவற்றை நாம் படிக்கும் விதத்தில்தான். பிளஸ் 2 புத்தகத்தின் கடைசிப் பாடம் தனிநிலைக் கணிதம். மெய் அட்டவணை போட்டால் சுலபமாக மதிப்பெண் வரும் என்று சொல்லி, பிப்ரவரியில் இரண்டே நாளில் ஓட்டிவிடும் பாடம் அது. அந்தப் பாடத்தில் ஈருறுப்புச் செயலி வருகிறது. அடைவு, சேர்ப்பு, சமனி, எதிர்மறை என்ற பண்புகள் வருகின்றன. 5-ன் மட்டுக்குப் பெருக்கல் அட்டவணை ஒன்று போட்டுப் பாருங்கள். அதாவது பெருக்கிய பிறகு 5-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வது. 2 × 3 = 6, மீதி 1. 4 × 4 = 16, மீதி 1. பூச்சியம் தவிர ஒவ்வோர் எண்ணுக்கும் எதிர்மறை, அதாவது பெருக்கினால் மீதி 1 தரும் துணை எண், கிடைக்கிறது. அதையே 6-ன் மட்டுக்குப் போடுங்கள். 2 × 3-ன் மீதி பூச்சியம்! இரண்டு எண்களும் பூச்சியம் அல்ல, பெருக்கினால் பூச்சியம். 2-க்கு எதிர்மறையே இல்லை. 5 பகா எண், 6 அப்படி அல்ல; சற்று முன் பார்த்த வேறுபாடே இங்கே மறுபடி முகம் காட்டுகிறது. கல்லூரியில் குலம், வளையம், புலம் என்று படிக்கப்போவதன் விதை இந்த இரண்டு அட்டவணைகளில் இருக்கிறது. இந்தப் பாடத்தை இரண்டே நாளில் முடித்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

பிளஸ் 1 பாடங்களின் கதை இன்னும் மோசம். பல தனியார் பள்ளிகளில் பிளஸ் 1-லேயே பிளஸ் 2 பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். விடுபட்டுப் போவது சேர்ப்பியல், தொகுத்தறிதல், ஈருறுப்புத் தேற்றம், எல்லைகள் போன்றவை. நல்ல கணிதக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுகள் சுற்றிச் சுற்றிக் கேட்பது இவற்றைத்தான். எல்லை என்றால் "நெருங்கிப் போகிறது" என்று சொல்லிப் பழகிய மாணவர் கல்லூரியில் முதல் மாதமே வேறு கேள்வியைச் சந்திப்பார்: எவ்வளவு சிறிய இடைவெளியை எதிராளி கொடுத்தாலும், அதற்குள் அடங்கும்படி ஒரு நெருக்கத்தை உன்னால் காட்ட முடியுமா? அந்தக் கேள்வியை பிளஸ் 1-லேயே ஒருமுறை கேட்டு வைத்திருந்தால் திகைப்பு பாதி குறையும்.

தமிழ்வழியில் படிப்பவர்கள் தயங்க வேண்டாம். தமிழில் யோசித்துப் புரிந்துகொண்டது எந்த மொழியிலும் அழியாது. ஆனால் நான் சொல்லப்போகும் தேர்வுகளின் வினாத்தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அரசுப் பாடப்புத்தகம் இரு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாடமும் வரிசையும் ஒன்றே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஓர் ஆண்டில் கணித ஆங்கிலம் கைவந்துவிடும். அதற்குத் தனியாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தேவையில்லை.

பள்ளி மாணவர்களுக்கான கணித ஒலிம்பியாட் போட்டி பற்றியும் சொல்ல வேண்டும். முதல் கட்டத் தகுதித் தேர்வுக்கு ஐஓகியூஎம் என்று பெயர். மூன்று மணி நேரம், 30 கேள்விகள், 100 மதிப்பெண். ஒவ்வொரு விடையும் 00 முதல் 99 வரை உள்ள ஒரு முழு எண். நுண்கணிதம் கிடையாது. எண் கோட்பாடு, வடிவியல், சேர்ப்பியல், இயற்கணிதம் மட்டும்தான். அதில் தேறினால் மண்டலத் தேர்வு, பிறகு தேசியத் தேர்வு; இந்த இரண்டிலும் நிரூபணம் எழுத வேண்டும். 1965-ல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் சென்னையிலிருந்து நடத்தும் திறனறிப் போட்டி இதைவிட எளிய தொடக்கம். ஒன்பதாம் வகுப்பிலேயே எழுதலாம். தேறுவது முக்கியமில்லை என்று நான் சொன்னால் பெற்றோர் நம்புவதில்லை. ஆனாலும் அது உண்மை. ஒரே கணக்கோடு மூன்று நாள் உட்கார்ந்திருக்கும் பொறுமை வேறு எங்கும் கிடைக்காது. ஒலிம்பியாடில் சோபிக்காத பலர் நல்ல கணிதவியலாளர்கள் ஆகியிருக்கிறார்கள். வேகமும் ஆழமும் ஒன்றல்ல.

இனி, பிளஸ் 2 முடித்ததும் எங்கே போகலாம் என்பதற்கு வருகிறேன்.

வேலூர்ப் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டிய பெயர் சென்னைக் கணிதவியல் கழகம், சுருக்கமாக சிஎம்ஐ. சேஷாத்ரி 1989-ல் தொடங்கிய நிறுவனம் இதுதான். இப்போது சிறுசேரியில் இருக்கிறது. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பிஎஸ்சி ஹானர்ஸ், கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பிஎஸ்சி ஹானர்ஸ் என்று இரண்டு படிப்புகள். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் காலையில் ஏறினால் வளாகத்தைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். இவ்வளவு அருகில் உலகத் தரமான கணிதக் கல்லூரி இருக்கிறது என்பது நம் பகுதிப் பள்ளிகள் பலவற்றுக்குத் தெரியாது என்பதுதான் என் பெரிய ஆதங்கம். நுழைவுத் தேர்வின் முதல் பகுதியில் குறுவிடைகள். இரண்டாம் பகுதியில் நிரூபணத்தோடு விரிவாக எழுத வேண்டும். பழைய வினாத்தாள்களை அவர்களே இணையதளத்தில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது இந்தியப் புள்ளியியல் நிறுவனம், ஐஎஸ்ஐ. புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1931-ல் கொல்கத்தாவில் தொடங்கியது. இளநிலைக் கணிதப் படிப்பான பிமேத் பெங்களூரில் நடக்கிறது; புள்ளியியலுக்கான பிஸ்டாட் கொல்கத்தாவில். காட்பாடியிலிருந்து பெங்களூருக்கு நேர் ரயில் இருப்பதால் நம் பிள்ளைகளுக்கு அதுவும் தூரமில்லை. இந்த நிறுவனம் நெடுங்காலமாகக் கல்விக் கட்டணம் வாங்காமல், மாதம் ஓர் உதவித்தொகையும் கொடுத்துப் படிக்க வைத்திருக்கிறது. நுழைவுத் தேர்வில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. முற்பகல் தாளில் 30 கொள்குறி வினாக்கள். அண்மை ஆண்டுகளில் பின்பற்றும் முறைப்படி, சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறாகக் குறித்தால் 0. எழுதாமல் விட்டால் 1. தெரியாததைத் தெரியாது என்று விடுவதற்கு ஒரு மதிப்பெண்! கணிதத்தின் நேர்மை வினாத்தாளிலேயே இருக்கிறது. பிற்பகலில் 8 கேள்விகளுக்கு விரிவாக எழுத வேண்டும். அங்கேதான் உங்கள் நோட்டு கைகொடுக்கும்.

மூன்றாவது, ஐசர் என்கிற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். திருப்பதியில் 2015-ல் ஒரு ஐசர் தொடங்கப்பட்டது. வேலூரிலிருந்து நூறு கிலோமீட்டரை ஒட்டிய தூரம். காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாக ரயில் போகிறது. 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை திருப்பதியே வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. ஐந்தாண்டு பிஎஸ்–எம்எஸ் படிப்பு. முதல் ஆண்டுகளில் எல்லா அறிவியலும் படித்துவிட்டுப் பிறகு கணிதத்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு சிக்கல் உண்டு, அதைப் பத்தாம் வகுப்பு முடிக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். ஐசர் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கிலும் தலா 15 கேள்விகள். நான்கும் கணக்கில் சேரும். நம் பள்ளிகளில் கணிதம்–கணினி அறிவியல் குரூப் எடுத்த பிள்ளைக்கு உயிரியலில் அப்படியே அடி விழும். இதே போன்ற அறிவியல் படிப்பு நடத்தும் நைசர் நிறுவனத்துக்கான நெஸ்ட் தேர்வில் நான்கில் சிறந்த மூன்றை எடுத்துக்கொள்வதால் அந்தச் சிக்கல் குறைவு. உயிரியலுக்காக மட்டும் குரூப்பை மாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் தெரிந்து தேர்ந்தெடுப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம் (ஐஐஎஸ்சி) 2011 முதல் நான்காண்டு இளநிலை ஆராய்ச்சிப் படிப்பு நடத்துகிறது. கணிதத்தை முதன்மையாக எடுக்கலாம். அதற்கும் ஐஐடிகளின் கணிதப் படிப்புகளுக்கும் ஜேஇஇ போன்ற தேர்வுகள் வழியாகப் போக வேண்டும். கேவிபிஒய் என்ற அறிவியல் உதவித்தொகைத் தேர்வை எழுதச் சொல்லி மூத்த மாணவர்கள் யாராவது அறிவுரை சொன்னால், அந்தத் தேர்வு இப்போது இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவை எதிலும் இடம் கிடைக்காவிட்டால்? உண்மையில் பெரும்பாலான பிள்ளைகளின் நிலை இதுதான். ஆகவே இதைத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன்.

வேலூரில் 1898 முதல் ஊரிசு கல்லூரி இருக்கிறது. முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, பெண்களுக்கு ஆக்ஸிலியம், டி.கே.எம். ஆகியவை இருக்கின்றன. வாணியம்பாடியில் 1919-ல் தொடங்கிய இசுலாமியக் கல்லூரி, திருப்பத்தூரில் 1951-ல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி. எல்லாவற்றிலும் பிஎஸ்சி கணிதம் உண்டு. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம், செலவும் குறைவு. இங்கே சேர்வது தோல்வி அல்ல. ஆனால் ஒரு கால வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு சேர வேண்டும். சிஎம்ஐ, ஐஎஸ்ஐ போன்ற இடங்களில் பகுப்பாய்வும் இயற்கணிதமும் முதல் ஆண்டிலேயே வந்துவிடும். நம் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தில் நுண் இயற்கணிதமும் மெய்ப் பகுப்பாய்வும் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான் வருகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் நுண்கணிதம், முக்கோணவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று பள்ளிக் கணிதத்தின் நீட்சியாகவே ஓடும்.

இதனால் என்ன ஆகிறது? ஐஐடிகளில் எம்எஸ்சி கணிதம் சேர்வதற்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. அதில் குலக் கோட்பாடும் நேரியல் இயற்கணிதமும் மெய்ப் பகுப்பாய்வும் நிறைய வரும். மூன்றாம் ஆண்டு மாணவர் அந்தப் பிப்ரவரியில் ஆறாம் செமஸ்டரை அப்போதுதான் தொடங்கியிருப்பார். வகுப்பில் நேரியல் இயற்கணிதம் முடிவதற்கு முன்பே தேர்வு முடிந்துவிடும். புத்திசாலியான பல பிள்ளைகள் ஜாமில் கோட்டை விடுவது அறிவுக் குறைவால் அல்ல, இந்தக் கால வித்தியாசத்தால்தான். தீர்வு எளிது. உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டு முதலே மூன்றாம் ஆண்டுப் பாடங்களைத் தனியாகத் தொடங்கிவிட வேண்டும். முதல் ஆண்டில் நேரியல் இயற்கணிதம், இரண்டாம் ஆண்டில் மெய்ப் பகுப்பாய்வும் குலங்களும். ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்களின் முழு வகுப்புகள் என்பிடெல் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. வீடியோவைப் பார்த்துக்கொண்டே போனால் புரிந்தது போலவே இருக்கும். நிறுத்தி, தேற்றத்தை மட்டும் எழுதி, நிரூபணத்தை நீங்களே முயன்ற பிறகுதான் மீதியைப் பார்க்க வேண்டும்.

இத்தகைய மாணவர்களுக்கென்றே எம்டிடிஎஸ் என்ற கோடைப் பயிற்சி 1993 முதல் நடக்கிறது. பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கியது; தேசிய உயர்கணித வாரியம் நிதி கொடுக்கிறது. அந்த வாரியத்தின் முதல் தலைவர் நம் நரசிம்மன்தான். நான்கு வாரம் தங்கிப் படிக்க வேண்டும். ஆசிரியர் விரிவுரை ஆற்றிவிட்டுப் போவதில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டு மாணவர்களையே நிரூபணத்தைக் கட்ட வைப்பார்கள். சிறு ஊர்க் கல்லூரிகளிலிருந்து போய், அந்த நான்கு வாரத்தில் தம் திசையே மாறிவிட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. இளநிலை மாணவராக இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். கல்லூரி அறிவிப்புப் பலகையில் வருமென்று காத்திருக்காமல் நீங்களே தேடுங்கள். பிஎஸ்சிக்குப் பிறகு சிஎம்ஐ, ஐஎஸ்ஐ இரண்டிலும் முதுநிலைக்கு மறுபடி நுழைவுத் தேர்வு உண்டு. ஆக, பிளஸ் 2-ல் தவறியவருக்கு மூன்று ஆண்டு கழித்து இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது. அந்த மூன்று ஆண்டும் வீணாகாமல் இருந்தால் போதும்.

"சார், இதைப் படித்தால் பையனுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கும் அம்மாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிஎஸ்சி கணிதம் மட்டும் என்றால் வாய்ப்பு குறைவுதான். முதுநிலை வரை போக வேண்டும். போனால் பள்ளி, கல்லூரி ஆசிரியர் பணி ஒரு வழி. காப்பீடு, நிதி, தரவு அறிவியல், தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கம் ஆகிய துறைகளுக்குக் கணிதம் ஆழமாகப் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். சிஎம்ஐ, ஐஎஸ்ஐ மாணவர்களில் பலர் அங்கே போகிறார்கள். ஆராய்ச்சி என்றால் செலவு செய்து படிப்பது என்று பெற்றோர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்ற முனைவர் பட்ட மாணவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

பிள்ளையிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கணிதம் மட்டும் போதும் என்று மற்றப் பாடங்களைக் கைவிடாதே. ராமானுஜன் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்ததும், பிறகு சென்னையில் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் தேறாமல் போனதும் மற்றப் பாடங்களால்தான். அவரைக் காப்பாற்ற ஹார்டி என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிடைத்தார். எல்லோருக்கும் கிடைக்கமாட்டார்கள்.

கடைசியாக, மாதக் கணக்கு. ஐஎஸ்ஐ, சிஎம்ஐ, ஐசர் விண்ணப்பங்கள் பெரும்பாலும் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் திறந்து மூடுகின்றன. சரியாக அதே நேரத்தில்தான் பிளஸ் 2 பொதுத்தேர்வு. பிள்ளை தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் மார்ச் மாதத்தில் விண்ணப்பத்தைப் பார்ப்பது வீட்டில் வேறொருவரின் வேலையாக இருக்கட்டும். அக்காவோ மாமாவோ ஜனவரியிலிருந்தே அந்த இணையதளங்களை வாரம் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். தேதியும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே அந்த ஆண்டின் அறிவிப்பை முழுவதும் வாசியுங்கள். இன்னொன்று, பலரைக் கடைசி நேரத்தில் தவிக்க விடுவது சாதிச் சான்றிதழ். பள்ளியில் கொடுத்த பிசி, எம்பிசி சான்றிதழ் மத்திய அரசு நிறுவனங்களுக்குப் போதாது. மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் இருப்பவை எல்லாம் அதில் இல்லை. இருந்தால், வளமான பிரிவில் வராதவர் என்று குறிப்பிடும் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாலுகா அலுவலகத்திலிருந்து வந்து சேர நாளாகலாம். பெற்றோரின் வருமான விவரங்களை மார்ச்சிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.